எண்ணுறது ஒரு பக்கம், எண்ணாதது ஒரு பக்கம்

பையை மடியில வச்சுக்கிட்டு ஏம்மா கஷ்டப்படுறீங்க? எங்க பைக்கு மேலேயே வைங்க. நசுங்குற சாமான் ஒண்ணும் இல்ல, துணிமணிதான். லக்கேஜ். அதுக்கு இங்கிலீஷ்ல எஸ் போடக் கூடாது, தெரியுமா? ஒரு பை இருந்தாலும் லக்கேஜ்தான், ஒம்பது பை இருந்தாலும் லக்கேஜ்தான். தனியாப் பையைச் சொன்னா மட்டும் எஸ் உண்டு. பேக், பேக்ஸ். சிரிக்காதீங்க. நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். இதெல்லாம் இந்த ரெண்டு வருசத்துல வந்த படிப்பு.

இவளையா கேக்குறீங்க? பேரு சுபாஷினி. சுபான்னு கூப்பிடுவோம். என் மருமக. பன்னெண்டாவது படிச்சிருக்கா, இருபத்தாறு வயசு நடக்குது. எது கேக்கணும்னாலும் எங்கிட்டக் கேளுங்க, அவ வெளியாளுங்ககிட்டப் பேச மாட்டா. எங்க வீட்டு வழக்கம் அது. வந்த பொண்ணுகிட்ட யாராவது ஒண்ணு கேட்டா, கூட இருக்கிற மாமியார்தான் பதில் சொல்லணும். என் மாமியார் இருந்தவரைக்கும் என் பேரைக்கூட அவங்கதான் சொல்லுவாங்க. சௌந்தரம்னு. இவளுக்குக் கல்யாணம் ஆகி மூணு வருசம் ஆச்சு, ஆனா புருசனோட இருந்தது இருபத்துநாலு நாள். அப்ப இன்னும் புதுப்பொண்ணுதானே?

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். இருட்டோட கிளம்பி, திருச்சியில வண்டி மாறி, உங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கோம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சென்னையில இவளுக்குப் பரீட்சை. இங்கிலீஷ் பரீட்சை. இன்னைக்குச் செங்கல்பட்டுல என் சித்தி மக வீட்டுல தங்கிட்டு, காலையில மின்சார ரயில்ல போகணும்.

என் மகன் தயாளன் இங்கிலாந்துல இருக்கான். ஒரே மகன். அவங்க அப்பா போய்ச் சேர்ந்து ஒம்பது வருசம் ஆச்சு. தென்னந்தோப்பும் நானும் இவளும்தான் ஊர்ல. அவனுக்கு அங்கேயே நிரந்தரமா இருக்கிற காகிதம் கிடைச்சிருச்சு. பொண்டாட்டியை அழைச்சுக்கணும்னா அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல கேட்டதுக்குப் பதில் சொல்லணுமாம். சின்னப் பரீட்சைதான். எழுதவே வேண்டாம். பத்து நிமிசம் ஒரு ரூம்புல உக்காந்து பேசணும். உங்க பேர் என்ன, உங்க வீட்டுல என்னென்ன இருக்கு, சந்தையில என்ன வாங்குனீங்க. அவ்வளவுதான். இவ ரெண்டு தடவை போயி ரெண்டு தடவையும் ஃபெயில்.

மூணாவது நாளைக்கு. இதுலயும் போச்சுன்னா எல்லாம் போச்சும்மா. தயாளனே சொல்லிட்டான், ‘இந்தத் தடவையும் ஆகலைன்னா விட்டுருவோம்மா, அவளை அவங்க வீட்டுக்கே அனுப்பிரு, பாவம் அவளும் எத்தனை நாள் காத்திருப்பா’ன்னு. இவ அப்பாவும் போன வாரம் வந்து உக்காந்துட்டாரு, ‘சம்பந்தியம்மா, பரீட்சை முடிஞ்சதும் ஒரு முடிவு தெரிஞ்சாகணும்’னு. நான் என்ன முடிவு சொல்றது? எனக்கு ராத்தூக்கம் போயி நாலு மாசம் ஆச்சு. கண்ணைப் பாருங்க.

தண்ணி அவளுக்கு வேண்டாம்மா. தாகம் எடுக்கல அவளுக்கு. எனக்குக் குடுங்க, ஒரு வாய்.

நான் ஒண்ணும் சும்மா இருக்கல. பேராவூரணியில ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில ஆரோக்கியராஜ் சார் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிறாரு. அங்க சேத்துவிட்டேன். வயசுப் பொண்ணை எப்படித் தனியா அனுப்புறது? வாரத்துக்கு மூணு நாள் நானும் கூடவே போயி கடைசி பெஞ்சுல உக்காந்துக்குவேன். அங்க படிக்க வந்தவங்க எல்லாம் இவ வயசு, நான் மட்டும் நரைச்ச தலை. சார் எங்கிட்ட ஃபீஸ் கேக்கல. கேட்டா நியாயமில்லைல்ல, நான் காவலுக்குத்தானே போனேன்.

முதல்ல அவரு எடுத்த பாடமே ஒருமை, பன்மை, அப்புறம் எண்ண முடியாதது. அதுதான் அஸ்திவாரம்னாரு. ஒரு பொருளைப் பாத்ததும் நமக்குள்ள மூணு கேள்வி வரணுமாம். இது ஒண்ணா? பலதா? இல்ல எண்ணவே முடியாததா? ஒண்ணுன்னா முன்னாடி எ போடு, பலதுன்னா பின்னாடி எஸ் போடு, எண்ண முடியாததுன்னா ரெண்டையும் தொடாதே. எனக்கு அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியல. அரிசி எண்ண முடியாததுன்னாரு. நான் எழுந்திரிச்சேன். ‘சார், நாங்க மரக்கால்ல அளக்கிறப்ப லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணித்தானே போடுறோம்?’னேன். ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் ஆரம்பிப்போம், உங்க பக்கம் எப்படியோ. அவரு சொன்னாரு, ‘அம்மா, நீங்க எண்ணுறது மரக்காலை. அரிசியை இல்ல.’ உக்காந்துட்டேன். அறுபது வயசுக்குப் பக்கத்துல வந்து ஒரு மனுசன் எனக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்துச்சு பாருங்க.

வீட்டுக்கு வந்து அடுப்படியை மாத்திட்டேன். முழுசா. இடது பக்கத்துத் தட்டு எண்ணுறது. வெங்காயம், தக்காளி, முட்டை, கரண்டி, டம்ளர், தேங்காய். வலது பக்கம் எண்ணாதது. அரிசி, உப்பு, சீனி, எண்ணெய், பால், மாவு. பூண்டுக்குத்தான் பெரிய சண்டை. பல்லு பல்லா எண்ணலாமே, இடது பக்கம் வச்சேன். சாரு வலதுன்னுட்டாரு. வலது பக்கம் மாத்துனேன், மனசில்லாம. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம், ‘ஏன் சௌந்தரம், உப்பை எங்க கொண்டுபோய் வச்சிருக்கே?’ம்பாங்க. நான் சொல்லுவேன், என் மருமக சீமைக்குப் போகப் போறா, அதான் அடுப்படி ஒரு தினுசா இருக்குன்னு.

தினமும் சோறு வடிச்சதும் நான் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவேன். ‘இது என்ன சுபா?’ அவ யோசிப்பா. எனக்குப் பொறுக்காதும்மா, ‘ஸ்பூன்! ரெண்டுன்னா ஸ்பூன்ஸ்!’ அப்படின்னு நானே சொல்லிருவேன். அவ தலையை ஆட்டுவா. ‘இது?’ ‘சால்ட்! எஸ் கிடையாது!’ தலையை ஆட்டுவா. நல்ல பொண்ணும்மா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்ல. உமன், விமன். சைல்டு, சில்ட்ரன். டூத், டீத். ஆடு எத்தனை இருந்தாலும் ஷீப்தான். நியூஸுக்குக் கடைசியில எஸ் மாதிரி இருக்கும், ஆனா அதுவும் எண்ண முடியாதது. எனக்கு அந்தப் பரீட்சை வச்சா நான் பாஸ். சத்தியமாச் சொல்றேன், என்னை உள்ள விட்டா நான் பாஸ்.

கிளாஸுலயும் அப்படித்தான். சாரு இவளைப் பாத்து, ‘சுபாஷினி, வாட் இஸ் திஸ்?’ம்பாரு. இவ எழுந்து நிப்பா. நிக்க வச்சு எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தா எனக்கு மனசு தாங்குமா? கடைசி பெஞ்சுல இருந்து சொல்லிருவேன். ஒருநாள் சாரு, ‘அம்மா, நீங்க கொஞ்ச நேரம் கீழ டீக்கடையில போய் உக்காருங்களேன்’னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அப்புறம் நான் என்னத்துக்கு வந்தேன்? இன்னொரு நாள் எங்க பங்காளி வீட்டுல ஒரு சாவு, என்னால போக முடியல. எதிர்வீட்டுப் பொண்ணைத் துணைக்கு அனுப்புனேன். மறுவாரம் சாரு சொல்றாரு, ‘அன்னைக்கு உங்க மருமக அரைமணி நேரம் பேசினாம்மா, கிளாஸே வாயைப் பிளந்து கேட்டுச்சு’ன்னு. யார்கிட்ட விடுறாரு கதை? நான் இல்லாதப்போ மட்டும் வாய் வந்துருமா இவளுக்கு?

அட, சுங்கச்சாவடி வந்திருச்சு. வெள்ளரிப்பிஞ்சு விக்கிறான் பாருங்க. ஏ தம்பி, ரெண்டு பொட்டலம் குடு. மிளகாப்பொடி போட்டே குடு. கியூகம்பர்ஸ். இது இடது பக்கம். மிளகாப்பொடி வலது பக்கம். எடுத்துக்குங்கம்மா. இவளுக்குக் காரம் ஆகாது, நான் தொடைச்சுக் குடுக்கிறேன்.

முதல் தடவை போனப்ப அந்தக் கட்டடத்து வாசல்லயே காவக்காரர் என்னை நிறுத்திட்டாரு. ‘ஐயா, இது பயந்த பொண்ணு, நான் சும்மா பக்கத்துல உக்காந்துக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்’னு கும்பிட்டுச் சொன்னேன். அந்த ஆளு சிரிக்கிறாரு. வெயில்ல நின்னேன். வெளிய வந்தா, மூஞ்சி சுண்டைக்கா மாதிரி இருந்துச்சு. ‘என்னடி ஆச்சு? பயந்துட்டியா? மறந்துபோச்சா? அதானே பாத்தேன்’னேன். தலையை ஆட்டுனா. அப்புறம் ஆரோக்கியராஜ் சாரு விசாரிச்சுச் சொன்னாரு. பத்து நிமிசமும் இவ வாயையே திறக்கலையாம். பேர் கேட்டதுக்கு மட்டும் சொன்னாளாம். தப்பாச் சொன்னாக்கூட மார்க் உண்டாம், பேசாம இருந்தா எங்க இருந்து மார்க் வரும்? ரெண்டாவது தடவையும் அதே கதை. உங்க அடுப்படியில என்ன இருக்குன்னு ஒரு படத்தைக் காட்டிக் கேட்டாங்களாம். அடுப்படி! நான் ரெண்டு தட்டா பிரிச்சு வச்ச அடுப்படி! ஒரு கரண்டின்னாவது சொல்லியிருக்கலாம்ல?

அன்னைக்கு நான் கொஞ்சம் ஓவராத்தான் பேசிட்டேன். பொய் சொல்லக் கூடாது. பஸ் ஸ்டாண்டுல வச்சு, எல்லாரும் பாக்க, ‘நீ என் மகன் வாழ்க்கையை அழிக்க வந்தவ’ன்னுட்டேன். இவ அப்பவும் தலையைத்தான் குனிஞ்சா.

கண்ணேறு கழிச்சேன். கோயிலுக்கு நேந்துக்கிட்டேன். ஒரு ஜோசியர், நாக்குல சனி இருக்குன்னாரு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய் தொண்டையைப் பாக்கச் சொன்னேன். ‘என்ன பண்ணுதும்மா?’ன்னு இவகிட்டக் கேட்டாரு. நான்தான் எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். தொண்டை நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாரு.

தயாளன் மேல குத்தம் சொல்ல முடியாது. தங்கமான பையன். அவங்க அப்பா மாதிரியே முறம் மாதிரி ரெண்டு காது, மனசும் அவரு மனசுதான். ஞாயித்துக்கிழமையானா இவளுக்குப் போன் பண்ணுவான். வீட்டுக்குள்ள சிக்னல் இல்லைன்னு இவ தோப்புக்குப் போயிருவா. திரும்பி வர்றப்ப கண்ணு செவந்திருக்கும். பாவம், பிரிஞ்சு இருக்கிற பொண்ணு. பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் தவறாம தனியா ஒரு போன் வரும். என்ன அக்கறை பாருங்க! எங்கிட்டகூட அன்னைக்குப் பேச மாட்டான், இவகிட்டதான். தைரியம் சொல்லுவான்னு நினைக்கிறேன். இன்னைக்குக் காலையில திருச்சி பஸ் ஸ்டாண்டுலகூட வந்துச்சு. பேசிட்டு வந்து உக்காந்தவதான், இந்தா, ஜன்னலையே பாத்துக்கிட்டு வர்றா.

ஒண்ணு சொல்றேன், நீங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. செங்கல்பட்டு வந்தா நாங்க யாரோ நீங்க யாரோ. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல, எங்க பக்கத்து ஊரு ஆளு ஒருத்தன், அவனும் அந்த நாட்டுல இருக்கிறவன், எங்கிட்ட வந்து, ‘என்ன பெரியம்மா, நம்ம தயாளன் வீட்டுல குழந்தைச் சத்தம் கேக்குது?’ன்னான். குடிச்சிருந்தான்னு வச்சுக்குங்க. அங்க ஒரு வீட்டுல அஞ்சாறு பேரு சேர்ந்துதானே இருக்காங்க, எவன் புள்ளையோ என்னமோ. டிவியாக்கூட இருக்கும். நான் தயாளன்கிட்டக் கேக்கல. கேக்கவே இல்ல. ஆனா அன்னையிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுதும்மா. இவ சீக்கிரம் போயிட்டா நல்லது. இவ போய் அங்க உக்காந்துட்டா எல்லாம் சரியாயிரும். அதுக்குத்தான் இந்தப் பாடு. நாளைக்கு இவ வாயைத் திறக்கணும். திறக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேன், அது மட்டும் தெரியும்.

விக்கிரவாண்டி வந்திருச்சா? பத்து நிமிசம் நிக்குமா? நான் பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன். சுபா, நீ இறங்காத, கூட்டமா இருக்கு. அம்மா, கொஞ்சம் இவளைப் பாத்துக்குங்க. இவளுக்கு ஒண்ணும் வேண்டாம், கேக்காதீங்க.

நகருங்கம்மா. உள்ள போறேன்.

என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்? இல்ல, கீழ இருந்து பாத்தேன். டீ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு ஜன்னலைப் பாக்குறேன், இவ பேசுறா. கையை ஆட்டி ஆட்டிப் பேசுறா. நான் வேற யாரோன்னு நினைச்சு அடுத்த ஜன்னலைப் பாத்தேன். மறுபடி இந்த ஜன்னல். இவதான். மூணு வருசத்துல இவ வாய் அத்தனை நேரம் அசைஞ்சு நான் பாத்ததில்ல. டீ ஆறிப்போச்சு, கீழ ஊத்திட்டு வர்றேன்.

நீங்க ஏன் கண்ணைத் தொடைக்கிறீங்க?

சுபா, என்னடி சொன்ன இவங்ககிட்ட? நான் திட்டினதையா? பஸ் ஸ்டாண்டுல திட்டினேனே, அதையா சொன்ன? ஊரு ஞாபகமா? பரீட்சைக்குப் பயமா? பயமாத்தான் இருக்கும், அதைத்தான் சொல்லியிருப்பா, வேற என்ன...

ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க?

நான் என்ன பண்ணுறேன்? கேக்குறேன். கேட்டுட்டு? கேட்டுட்டு நானே... என்னம்மா சொல்றீங்க? நானா? எப்ப?

சரி. நான் பேசல. நீங்க கையை விடுங்க. சொல்லு சுபா. நான் பேசல, நீ சொல்லு.

...

வண்டி திண்டிவனமே தாண்டிரும் போல இருக்கு. சரி சரி, பேசல.

“அவருதான் பேசாதன்னாரு அத்தை.”

எவரு? ஆரோக்கியராஜ் சாரா?

“உங்க மகன்.”

“ரெண்டு தடவையும் முதல்நாள் போன் பண்ணி அதைத்தான் சொன்னாரு. நீ பாஸ் ஆனாலும் நான் உன்னைக் கூப்பிட முடியாது, அம்மாகிட்ட என்னால சொல்லவும் முடியாது, நீயா ஃபெயில் ஆயிட்டா யாருக்கும் வம்பில்லைன்னு. இன்னைக்குக் காலையிலயும் அதேதான். இது கடைசித் தடவை, கொஞ்சம் பொறுத்துக்கன்னாரு.”

பொய். நீ பேசத் தெரியாம ஃபெயில் ஆயிட்டு, இப்ப என் மகன் மேல பழி போடுற. மூணு வருசம் வாயைத் திறக்காம இருந்தவ, திறந்ததும் இதுதானா வருது? கேளுங்கம்மா, நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை. பெத்தவ நான் இருக்கேன், எங்கிட்டச் சொல்லாததை இவகிட்டப் போய்... எங்கிட்டச் சொல்றதுக்கு அவனுக்கு என்ன?

என்ன இது? போனை எதுக்கு நீட்டுற? படமா? அவனே அனுப்புனதா? கண்ணாடியை எடு, பையில இருக்கு. லக்கேஜுக்கு அடியில.

யாரு இந்த வெள்ளைச் சட்டை? தயாளன். சதை போட்டிருக்கான். பக்கத்துல இது யாரு, இந்தப் பொண்ணு. சரி. மடியில இருக்கிறது...

காது.

அம்மா, இந்தக் காதைப் பாருங்க. என் வீட்டுக்காரரோட காது. அப்படியே அவரு காது. நான் முப்பது வருசம் பாத்த காதும்மா இது. அந்தக் குடிகாரப் பய சொன்னது நெசந்தான். குழந்தைச் சத்தம்தான். ஒரு பேரக்குழந்தை இருக்கு எனக்கு, எனக்கே தெரியாம.

என்ன சுபா?

“ஒண்ணு இல்ல அத்தை. ரெண்டு. பின்னாடி நிக்குதே, அதுவும்தான்.”

இது பெருசா இருக்கே. அஞ்சு வயசு இருக்கும் போல இருக்கே. அஞ்சு வயசுன்னா... உனக்குக் கல்யாணம் ஆகியே மூணு வருசம்தானே ஆகுது. அப்ப அவன் இங்க வந்து மணவறையில உக்காந்தப்பவே... நான் பொண்ணு பாத்தேன். நான்தான் அலைஞ்சு திரிஞ்சு பொண்ணு பாத்தேன். உங்க அப்பாகிட்ட நான்தான், என் மகன் தங்கம்னு சொன்னேன். அவன் மறுபேச்சு இல்லாம வந்து தாலி கட்டிட்டு இருபத்துநாலாம் நாள் போயிட்டான். ஐயோ. ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

இல்லம்மா, தண்ணி வேண்டாம். மயக்கமெல்லாம் இல்ல. பிரஷர் மாத்திரை காலையிலயே போட்டுட்டேன். இருங்க.

எப்ப தெரியும் உனக்கு? முதல் பரீட்சைக்கு முன்னாடியேவா? ரெண்டு வருசம். ரெண்டு வருசமா இதை மடியில கட்டிக்கிட்டு நான் காட்டுன கரண்டியை எல்லாம் பாத்துத் தலையை ஆட்டியிருக்க. ஏன்டி? ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த? அவன் மிரட்டுனானா?

“அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, தெரிஞ்சா உயிரோட இருக்க மாட்டாங்கன்னாரு. எனக்கும் பயமா இருந்துச்சு. நீங்க திட்டுனாலும் ராத்திரி எனக்கு எடுத்து வைக்காம சாப்பிட மாட்டீங்களே.”

என்னைச் சாகவிட்டிருக்கலாம் நீ. பஸ் ஸ்டாண்டுல உன்னை அந்தப் பேச்சுப் பேசுனேனே, அப்பவாவது என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்ல. எத்தனை தடவை கேட்டேன் உங்கிட்ட, என்னடி ஆச்சு, என்னடி ஆச்சுன்னு?

“கேட்டீங்க அத்தை. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க.”

அம்மா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் அழுதா சத்தமா அழுவேன், எனக்கு நாகரிகமா அழத் தெரியாது.

இவ அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஊரெல்லாம் என்ன பேசுது தெரியுமா இவளை? மக்கு, வாய்ப்பூட்டு போட்டவ, சௌந்தரம் வீட்டு மருமகளுக்கு ஒரு கரண்டிக்கு இங்கிலீஷ் சொல்லத் தெரியலன்னு. அந்தப் பேச்சை ஆரம்பிச்சதே நான்தான். கிணத்தடியில, ரேஷன் கடையில, கல்யாணத்துல, நானே சொல்லிச் சொல்லி வச்சேன். நாளைக்கு இவ ஃபெயிலாகி வீட்டுக்குப் போனா, குத்தம் பூரா இவ தலையில. அவன் கணக்கு அதுதானே? அவன் நல்லவன், நான் நல்லவ, இவ ஒருத்தி தேறாதவ. காலம் பூரா அந்தப் பேரோட இவ உக்காந்திருக்கணும். என் வயித்துல பொறந்தவன் உக்காந்து யோசிச்சிருக்கான்மா இதை. போன்ல பேசுறப்பல்லாம், ‘அம்மா, மாத்திரை போட்டியா?’ன்னு கேட்டுக்கிட்டே யோசிச்சிருக்கான்.

திரும்பிப் போயிருவோமா சுபா? அடுத்த ஸ்டாப்புல இறங்கிருவோம். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பரீட்சைக்குப் போறது, யாருக்காகப் போறது? நேரா உங்க அப்பா வீட்டுக்கே போவோம், நான் அவரு கால்ல...

இல்ல. நீ சொல்லு. நான் பாதியில நிறுத்திட்டேன், பாத்தீங்களாம்மா? நிறுத்திட்டேன். சொல்லு சுபா. போகணுமா, வேண்டாமா?

“பரீட்சைக்குப் போகணும் அத்தை.”

எதுக்கும்மா? அவன்கிட்டப் போகவா?

“இல்ல. பேசிட்டு வரணும். எனக்கு எல்லாம் தெரியும். சார் கிளாஸுல நீங்க வராத அன்னைக்கு நம்ம அடுப்படியைத்தான் சொன்னேன். இடது தட்டுல என்ன, வலது தட்டுல என்னன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. பாஸான காகிதத்தை எங்க அப்பா கையில குடுத்துட்டு, அதுக்கப்புறம் நான் போகலைன்னு சொல்லணும். நான்தான் சொல்லணும்.”

ம்.

அந்தப் பூண்டை எந்தப் பக்கம் சொன்ன?

“வலது பக்கம்தான் அத்தை. நீங்க மனசில்லாம வச்சதையும் சொன்னேன். அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க.”

கேட்டீங்களாம்மா? என்னை வச்சுக் கிளாஸே சிரிச்சிருக்கு. சிரிக்கட்டும். அந்தச் சார் சொன்னதை நான் புளுகுன்னு சொல்லிட்டேன், அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்களுக்கும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் விக்கிரவாண்டியில இறங்கலைன்னா, நீங்க இவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலைன்னா... என்ன கேட்டீங்க நீங்க? ‘போக உனக்கு விருப்பமா?’ன்னு கேட்டீங்களா. அவ்வளவுதானா. மூணு வருசத்துல அதை நான் கேக்கல. யாருமே கேக்கல.

நாளைக்கு நான் அந்தக் கட்டடத்துக்கு உள்ள வர மாட்டேன். வாசல்லகூட நிக்க மாட்டேன். எதிர்ல ஒரு மரம் இருக்கு, அதுக்கடியில உக்காந்துக்கிறேன். காவக்காரர் கேட்டாருன்னா நான் யாருன்னுகூட நீயே சொல்லு. மாமியார்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு.

போன் அடிக்குது பாரு. அவன்தானே? எடுக்காத. இல்ல, எடு. இல்ல, அதையும் நான் சொல்லக் கூடாது. உன் இஷ்டம்.

வச்சுட்டா. அடிக்கட்டும்னு பையில வச்சுட்டாம்மா.

கண்டக்டர் வர்றாரு. செங்கல்பட்டு பைபாஸ் வந்திருச்சு போல. எத்தனை பேர் இறங்குறதுன்னு கேக்குறாரு. உங்களைத்தான் பாக்குறாரா? இல்ல, எங்களைத்தான். என்னையேதான் பாக்குறாரு. நான் சொல்லலய்யா. இன்னைக்கு நான் சொல்றதா இல்ல. அந்தா, ஜன்னலோரம் இருக்காளே, அவளைக் கேளுங்க.

“ரெண்டு பேர் அண்ணே. நானும் எங்க அத்தையும்.”